மஞ்சள் ஃபிலிம்

படம் மெயிலில் வந்தது புதன்கிழமை.
நான்கு வண்ணம், பன்னிரண்டாயிரம் பீஸ்,
அடுத்த வெள்ளி டெலிவரி.
வண்ணம் பிரிப்பது என் வேலை.
ஒரு படத்தை உரித்து உரித்து
தோலுக்கு ஒரு ஃபிலிம், அவுட்லைனுக்கு ஒன்று,
சிவப்புக்கு ஒன்று என எடுத்து வைப்பேன்.
ஃபிலிமில் எந்த நிறமும் கறுப்புத்தான்.
பதினெட்டு வருஷமாய்ப் பிரித்ததில்
முழுசாய்ப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போச்சு.

மஞ்சள் ஃபிலிமில் காசுகள் மட்டும் வந்தன,
நாற்பத்தியொரு காசு.
அவுட்லைனில் கொடுவாள் மாதிரி ஒரு மூக்கு,
பூமி உருண்டையைக் கவ்விய பத்து விரல்.
நான் பார்த்ததெல்லாம்
நக ஓரம் பிசிறடிக்கிறதா என்று.

வியாழன் சாயங்காலம் சாம்பிள் அடித்துக் கொடியில் போட்டோம்.
வேறொரு ஆர்டருக்கு ஆடிட் பார்க்க வந்திருந்தார்
ஷிஃப்ரா ரோஹேகர், தானேக்காரர்.
மெஸ்ஸில் முட்டையும் பொரியலும் மட்டும் தின்பார்.
வெள்ளி பொழுது சாய்ந்தால்
லாட்ஜ் அறையில் இரண்டு மெழுகுவத்தி.
ஏதோ வேண்டுதல் என்றிருந்தோம்.

கொடிக்குக் கீழே வெகுநேரம் நின்றார்.
கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றி நீட்டினார்,
இருபது வருஷம் திருப்பூர் வந்துபோய்ப் பழகிய தமிழில்:
"அளந்து பாருங்க மாஸ்டர்.
என் மூக்கு ஸ்பெக்குக்குச் சரியா இருக்குதா?"

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.
டேப்பை வாங்கவும் முடியலை, விடவும் முடியலை.

முதலாளி சென்னியப்பன் சமாளித்தார்:
"நாமளா வரைஞ்சோம், அடிக்கறதோட செரிங்மா.
அங்க சண்டையில கொழந்தைக சாகுதுக,
அந்தக் கோவம்."
"சாகுதுங்க. எனக்கும் தூக்கம் வர்றதில்லை.
அந்தச் சர்க்காரைத் திட்டி ஒரு பனியன் அடிங்க,
தையல் நல்லாருந்தா பாஸ் பண்றேன்.
இதுல சர்க்கார் எங்கே இருக்குது?
இது எங்கப்பா.
பார்சல் ஆபீஸ் கிளார்க்.
வாடகை வீட்டுலயே செத்தவரு.

எங்க ஜெபாலய வாசல்ல
துப்பாக்கியோட போலீஸ்காரர் நிக்கறாரு.
பண்டிகைன்னா முதல் இனிப்பு அவருக்குத்தான்.
எல்லாக் கோயில்லயும் இப்படித்தானான்னு
என் மகள் கேக்கறா."

எனக்கு ஞாபகம் வந்தது வேறு.
நூல் விலை கிலோவுக்கு நாற்பது ஏறிய மாதம்,
'பின்னாடி யாருன்னு தெரியுமா' என்று
ஒரு மெசேஜ்.
இந்த விரல்தான் அதைத் தள்ளிவிட்டது,
ஜாப் ஒர்க் குரூப்புக்கு, ஊர் குரூப்புக்கு, மச்சினனுக்கு.
யூதர் ஒருத்தரைக்கூடக் கண்டதில்லை அப்போது நான்.
மாசம் ஒருக்கா என் எதிரில் உட்கார்ந்து
பொரியலுக்கு உப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

சென்னியப்பன் இரண்டு டீ குடித்தார்.
மூன்றாவதைக் குடிக்காமல்
ஆர்டரைத் திருப்பினார், அட்வான்ஸையும்.
காங்கேயம் ரோட்டில் யாரோ எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.
அடித்திருப்பார்கள்.
எங்கோ ஒருத்தன் அதைப் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்கிறான்.

ராத்திரி குரூப்பில் போட்டேன்:
நூல் விலை பத்தி நான் அனுப்புனது பொய்ங்க.
யூதருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க.
தப்பு என்னுது.
இரண்டு பேர் வெளியேறினார்கள்.
ஒருத்தர் கும்பிடு போட்டார், எதற்கென்று தெரியாது.
பவர்டேபிள் செல்லாண்டி கேட்டான்:
"உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

நாற்பத்தியொன்றில் ஒரு காசு
உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

காலையில் ஸ்கிரீனைக் கழுவினேன்.
பிரஷர் தண்ணிக்கு எமல்ஷன் கரைந்து போனது.
சாயை போகலை.
மெஷ்ஷில் பேய் நிற்குது என்போம் நாங்கள்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
மூக்கு, விரல்.
அடுத்து அதில் ஏற வேண்டியது
ஆறு மாதக் குழந்தை பனியனுக்கு வண்ணத்துப்பூச்சி.

பிளேடு போட்டேன்.
மெஷ் எண்ணூறு ரூபாய்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி
பில்லைப் படம் எடுத்துச்
செல்லாண்டிக்கு அனுப்பினேன்.

இன்னும் நீல டிக் விழவில்லை.